ஆயுத பூசைக்கு நிறுத்திய சர்வர்

அந்தப் பெட்டியை நிறுத்தியது நான்தான். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை. இடது கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது, வலது கை சுவிட்சில் இருந்தது.

எங்கள் மூச்சுக்கூடத்தில் இருபத்திரண்டு கட்டில். எல்லாரும் கிரஷர் ஆட்கள். மலையை வெடி வைத்து உடைத்தோம், ஜல்லியாக்கினோம், லாரியில் ஏற்றினோம். மலை தீர்ந்தது, கிரஷரும் போனது. தூசி மட்டும் எங்கேயும் போகாமல் நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டது. சங்கம் பன்னிரண்டு வருஷம் கோர்ட்டுக்கு நடந்து வாங்கிக் கொடுத்ததுதான் இந்தக் கூடம்.

கட்டிலுக்கு ஒரு சின்னப் பெட்டி. பெட்டியிலிருந்து குழாய், குழாய் முனையில் மாஸ்க். நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை. நெஞ்சு எழும்புவதைப் பட்டை பார்க்கும், பெட்டி காற்றை ஊதும். ஆனால் எப்போது ஊதுவது, எவ்வளவு ஊதுவது, எங்கே விடுவது என்று சொல்வது சின்னப் பெட்டி இல்லை. மூலை அறையில் ஏசிக்குள் ஒரு பெரிய பெட்டி இருக்கிறது, அதைச் சர்வர் என்பார்கள். ராப்பகலாக இருபத்திரண்டு பேர் மூச்சையும் கேட்டுக் கேட்டு, அவரவர் எப்படி இழுப்பாரோ அப்படியே ஊத அது கற்றுக்கொண்டது. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டால் யாரோ ஊதுகிற மாதிரியே தெரியாது, உன் மூச்சை நீயே விடுகிற மாதிரி இருக்கும் என்பார் என் வீட்டுக்காரர். அவர் பெயர் கோதண்டம். ஏழாம் கட்டில். நான் பவுனம்மா, அதே கூடத்தைக் கூட்டித் துடைக்கிறேன்.

கிரஷர் ஓடின காலத்தில் வருஷத்துக்கு ஒரே ஒரு நாள்தான் அது நிற்கும். ஆயுத பூசை அன்றைக்கு. அன்றைக்கு அதைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, ஓயட்டும் என்று விட்டுவிடுவோம். ஆளுக்கு லீவு இல்லாவிட்டாலும் மெஷினுக்கு உண்டு. அந்தப் பழக்கத்தைக் கூடத்துக்கும் கொண்டுவந்தோம். கட்டில் பெட்டிகளை நிறுத்த முடியாது, ஆட்கள் அதில் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய பெட்டியை நிறுத்தலாம். சர்வர் இல்லாவிட்டால் சின்னப் பெட்டிகள் எல்லாருக்கும் ஒரே கணக்காக ஊதும், கொஞ்ச நேரம் தாங்கும். போன வருஷமும் இருபது நிமிஷம் நிறுத்தினோம். ஆக்சிஜன் இருக்கிற இடம், அதனால் கற்பூரம் கிடையாது. பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்து, பூசணிக்காயைக் கேட்டுக்கு வெளியே உடைத்து, மறுபடி சுவிட்சைப் போட்டோம். சமர்த்தாக எழுந்துகொண்டது.

இந்த வருஷம் எழவில்லை.

காத்தாடி இரைந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மழை மாதிரி இறங்கி, அப்படியே நின்றது. பத்து நிமிஷம் பார்த்தோம். நின்றது நின்றதுதான்.

கூடத்து நர்ஸ் ஜெயசீலி சிஸ்டர் பெட்டி கொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டார். லீவு நாள். சென்னையிலிருந்து ஆள் கிளம்பினால் நாலு மணி நேரமாவது ஆகும். போனில் கிடைத்தது கோயமுத்தூரில் டூட்டியில் இருந்த ஒரு பெண். அதற்குள் கட்டில்களில் மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. சிஸ்டர் போனை என் கையில் திணித்தார்.

"அக்கா, நீங்க பேசுங்க. அவ கேக்கறத மட்டும் சொல்லுங்க. நான் அங்க போகலைன்னா ஆளுங்க போயிடுவாங்க."

போனில் குரல் சின்னதாக இருந்தது. "அம்மா, என் பேரு தஸ்னீம்ங்க. பயப்படாதீங்க. ஸ்கிரீன்ல கடைசியா என்ன வந்திருக்குன்னு படிங்க."

"இங்கிலீசு படிக்க வராது கண்ணு. எழுத்துத் தெரியும்." நாற்பத்தாறு வயதில் சங்கத்து மாலை வகுப்பில் கற்றது அவ்வளவுதான்.

"எழுத்து போதும்ங்க. ஒவ்வொண்ணா சொல்லுங்க."

"கே. ஈ. ஆர். என். ஈ. எல். அப்புறம் நடுவுல ஒரு சந்து. பி. ஏ. என். ஐ. சி."

அந்தப் பக்கம் அந்தப் பெண் எழுத்தைச் சேர்த்துப் படித்துப் பார்த்தது.

"என்னா கண்ணு போட்டிருக்குது?"

"பயந்துபோச்சுன்னு போட்டிருக்குங்கம்மா."

"யாரு, பெட்டியா?"

"ஆமாங்க."

"நாங்களும் அப்பிடித்தான் நிக்கறோம்னு அதுங்கிட்ட சொல்லு."

அந்தப் பெண் சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு தெம்பு கொடுத்தது என்று அதற்குத் தெரிந்திருக்காது. மிச்ச வரியையும் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். புள்ளி, கோடு, அடைப்புக்குறி, ஒன்றையும் விடவில்லை.

"அம்மா, இதை இதுக்கு முன்னாடி எப்ப நிறுத்துனீங்க?"

"போன ஆயுத பூசைக்கு."

"நடுவுல நிறுத்தவே இல்லையா?"

"நிறுத்துனா இவங்க மூச்சு என்னாவறது?"

"அதாங்க விஷயம். பெட்டிக்குள்ள எல்லாத்தையும் ஓட்டற ஆள் ஒண்ணு இருக்கு, கர்னல்னு பேரு. நடுவுல புதுக் கர்னல் தானா வந்து இறங்கியிருக்கு. ஆனா பெட்டி நின்னு எழுந்தாத்தான் புதுசு வேலைக்கு வரும். நீங்க நிறுத்தவே இல்லை, அதனால பழசே ஓடிட்டு இருந்துச்சு. இன்னைக்கு நிறுத்தவும் புதுசு வந்து நின்னிருக்கு. அதுக்கு வீட்டுக் கதவைத் திறக்க முடியலை."

"ஏன்?"

"கதவைத் திறக்கற சாமானெல்லாம் ஒரு மூட்டையா கட்டிக் கூடவே வைக்கணும். மூட்டை வைக்கற அறை ரொம்பச் சின்னதுங்க. பழசெல்லாம் சேந்து அது நிறைஞ்சிருக்கும். மூட்டை பாதியில நின்னிருக்கும்."

"அப்ப நான் நிறுத்தாம இருந்திருந்தா?"

"எப்பவோ ஒருநாள் கரண்ட் போயிருக்கும்மா. அன்னைக்கு இதேதான் ஆயிருக்கும், அப்ப போன் எடுக்க ஆள் இருந்திருக்குமோ என்னமோ."

இதை அந்தப் பெண் எனக்காகச் சொன்னதா, உண்மையாகவே சொன்னதா, இன்றைக்கும் தெரியவில்லை. எப்படியானாலும் அதற்கு நான் கடன்பட்டவள்.

அந்த நேரம் பார்த்து சிஸ்டர் கத்தினார். "அக்கா! ஏழாம் நம்பர்!"

ஓடினேன். என் வீட்டுக்காரருக்கு உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. பெட்டி ஊதும்போது இவர் வெளியே விடப் பார்க்கிறார். இவர் இழுக்கும்போது பெட்டி நிற்கிறது. ரம்பத்தை ரெண்டு பேர் ஒரே பக்கம் தள்ளுகிற மாதிரி. மற்றவர்கள் எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துப்போனார்கள், இவர் நெஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை. சிஸ்டர் பெரியாஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டாகிவிட்டது. அங்கே இருப்பதும் ஒரே கணக்காக ஊதுகிற மெஷின்தான், ரோட்டில் குலுக்கிக்கொண்டு வராதே, சர்வர் எழுகிற வரைக்கும் கையால் ஊது என்று சொல்லிவிட்டார்.

கையால் ஊத ஒரு ரப்பர் பை உண்டு. குழாயைக் கழற்றி மாஸ்க்கில் அதைச் செருகி அமுக்க வேண்டும். நான் அமுக்கினேன். அவர் இழுப்பதற்கு முன்னாடியே அமுக்கிவிட்டேன், அவர் திணறினார். சிஸ்டர் இன்னும் நாலு கட்டிலைப் பார்க்க வேண்டும். போனில் தஸ்னீம் "அம்மா, இருக்கீங்களா? அம்மா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"குடும்மா. நான் அமுக்கறேன்."

திரும்பிப் பார்த்தேன். ஏகாம்பரம் மேஸ்திரி.

கிரஷரில் எங்களை ஓட்டினவர் அவர்தான். காற்று வருகிற பக்கமாகவே நிற்பார், அதனால் அவர் நெஞ்சில் தூசி கொஞ்சம் கம்மி. கட்டில் கிடையாது. தினம் காலையில் வந்து வாசலோர நாற்காலியில் ஒரு மணி நேரம் மாஸ்க் போட்டுக்கொண்டு போவார். கூடத்தில் யாரும் அவரோடு பேச மாட்டார்கள். வெடி வைக்கத் துளை போடுகிற இடத்தில் தூசி எழும்பாமல் இருக்கத் தண்ணி பைப் வைத்திருந்தார்கள். ஈரக் கல்லில் வேலை ஓடாது என்று அதை மூடச் சொன்னவர் அவர். மூடின இடத்தில் துளை போட்டவர் என் வீட்டுக்காரர். பதினோரு வருஷமாக ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

என் வீட்டுக்காரர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். அந்த நிலைமையிலும்.

"அண்ணே, வீம்பெல்லாம் மூச்சு வந்தப்புறம் வச்சுக்கலாம்," என்றார் சிஸ்டர். முகத்தைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பி மாஸ்க்கை அழுத்திப் பையை மேஸ்திரி கையில் கொடுத்தார்.

மேஸ்திரி உடனே அமுக்கவில்லை. குனிந்து நெஞ்சைப் பார்த்தார். கழுத்துக்குழியைப் பார்த்தார். இவர் இழுக்கத் தொடங்கின நொடியில் மெதுவாக அமுக்கினார். பிறகு விட்டார். ரொம்ப நேரம் விட்டார். நெஞ்சு முழுசாக இறங்கி, அடுத்ததைக் கேட்கிற வரைக்கும் காத்திருந்து மறுபடி அமுக்கினார். நாலு மூச்சு, அஞ்சு மூச்சு. உதட்டு நீலம் கொஞ்சம் வெளுத்தது.

சிஸ்டரே அசந்துவிட்டார். "எங்க கத்துக்கிட்டீங்க?"

மேஸ்திரி தலையைத் தூக்கவில்லை. "முப்பது வருசம் இதத்தானம்மா பாத்துக்கிட்டு நின்னேன். எவனுக்கு மூச்சு முட்டுது, எவன் இன்னும் நாலு நடை சுமப்பான், நெஞ்சைப் பாத்தாலே தெரியும். அது தெரிஞ்சதாலதான் முதலாளி என்னை மேஸ்திரியா வச்சிருந்தான்."

நான் மூலை அறைக்கு ஓடினேன்.

"சொல்லு கண்ணு."

"பழைய கர்னல் இன்னும் உள்ளதான் இருக்கும்ங்க. அறை நிறையுதுன்னு பழசையெல்லாம் தூக்கிப் போட்டாலும், ஓடிட்டு இருக்கறதை மட்டும் அது தொடாது. நாம அதைக் கூப்பிடணும். பெட்டியை நிறுத்திப் போடுங்க. கம்பெனிப் படம் வந்து மறையும். மறைஞ்சதும் கீபோர்டுல இடது ஓரம், மேல் மூலைப் பட்டனை ஒரு தட்டு தட்டுங்க."

பெரிய பெட்டிக்குத் தன் உடம்பைத் தானே ஒரு தரம் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுகிற வழக்கம். அதற்கு நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷமும் கண்ணை இமைக்காமல் நின்றேன். படம் வந்தது, மறைந்தது. தட்டினேன். தட்டுவதற்குள் எழுத்து மழை இறங்கிவிட்டது. மறுபடி பி, ஏ, என், ஐ, சி.

"லேட் ஆயிடுச்சுங்க. பரவாயில்லை. மறுபடி."

இன்னொரு நாலு நிமிஷம். இந்தத் தடவை விடக்கூடாது என்று படம் மறைவதற்கு முன்னாடியிலிருந்தே கோழி கொத்துகிற மாதிரி தட்டிக்கொண்டே இருந்தேன். கறுப்புத் திரையில் ஜி, ஆர், யு, பி என்று மட்டும் வந்து ஒரு கோடு கண் சிமிட்டியது.

"ஐயோ, மெனுவையும் தாண்டிப் போயிட்டீங்க. ஒரே ஒரு தட்டும்மா."

எனக்கு அழுகை வந்தது. "வேணாம் கண்ணு, என் கையில இது ஆவாது. நிறுத்துனதும் நான், கெடுக்கறதும் நான்."

"நீங்க சொன்ன ஒரு எழுத்துகூட இதுவரைக்கும் தப்பில்லைங்க. இஞ்சினியருங்களே பாதி வரியைத்தான் படிச்சுட்டு மிச்சத்தைக் குத்துமதிப்பா சொல்லுவாங்க. எனக்கு இப்ப உங்க கண்ணு வேணும். போடுங்க."

கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தேன். மேஸ்திரி கை மாற்றிக்கொள்ளவும் இல்லை. அவருக்கும் மூச்சு வாங்கியது, வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது. பக்கத்துக் கட்டிலிலிருந்து இன்னொருத்தர் மனைவி, "நான் அமுக்கட்டுமா?" என்று வந்தபோது தலையாட்டி மறுத்தார். "கை மாறுனா கணக்கு மாறிடும், போம்மா."

மூன்றாம் தடவை. படம் வந்தது. மறைந்தது. ஒன்று என்று மனசுக்குள் சொல்லி ஒரே தட்டு.

சட்டம் போட்ட மாதிரி ஒரு கட்டம். உள்ளே நாலு வரி.

"வந்துடுச்சி!"

"ரெண்டாவது வரி ஏ-ல தொடங்குதுங்களா? கீழ் அம்பு ஒரு தட்டு, அப்புறம் எண்டர்."

உள்ளே இன்னொரு கட்டம் திறந்தது. ஆறு வரி. எல்லாவற்றிலும் எண்கள். ஒவ்வொன்றாக வாசித்தேன். எண் எனக்குத் தகராறு இல்லை, லாரி நடை எண்ணிப் பழகினவள்.

"நடுவுல இருக்கறதை நம்ப வேணாம்ங்க, அதுவும் அறை நிறைஞ்சப்புறம் வந்ததா இருக்கலாம். எதுல எண் எல்லாத்தையும் விடக் கம்மியோ, அதுதான் போன வருஷத்துது. அதே எண் ரெண்டு வரியில வரும். மேல இருக்கறதுக்குப் போங்க."

அம்பை எண்ணி எண்ணித் தட்டினேன். அஞ்சாவது வரி. எண்டர்.

எழுத்து இறங்கியது. நின்றது. என் மூச்சும் நின்றது. மறுபடி இறங்கியது. பச்சைப் பச்சையாக ஓ, கே, ஓ, கே என்று வரிசை கட்டிக்கொண்டு ஓடியது.

"கண்ணு, ஓ கே ஓ கேன்னு போவுது, இதுக்கு என்னா அர்த்தம்?"

"அதுக்கு அதேதாம்மா அர்த்தம்," என்றது தஸ்னீம். அந்தக் குரல் உடைந்திருந்தது.

கூடத்தில் ஒவ்வொரு பெட்டியாகச் சிவப்பு அணைந்து பச்சை எரிந்தது. ஏழாவது கடைசியாகத்தான் எரிந்தது. சிஸ்டர் பையைக் கழற்றிக் குழாயைச் செருகினார். என் வீட்டுக்காரர் ரெண்டு மூச்சு இழுத்தார், கண்ணை மூடினார், தூங்கிப்போனார். மணி பதினொன்றரை. முக்கால் மணி நேரம் மேஸ்திரி அமுக்கியிருக்கிறார். பையைக் கீழே வைக்க விரல் விரியவில்லை. சிஸ்டர்தான் விரல் விரலாகப் பிரித்து எடுத்தார். மேஸ்திரி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குத் தன் ஒரு மணி நேர மாஸ்க்கைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

நான் போனைக் காதிலிருந்து எடுக்காமலே இருந்தேன். "தாயீ, நீ நல்லா இருக்கணும். உன் வவுத்துல பொறக்கறது நல்லா இருக்கணும்."

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்கம்மா."

"அப்ப அது மொதல்ல நல்லா ஆவட்டும்."

சாயங்காலத்துக்குள் தஸ்னீம் கோயமுத்தூரிலிருந்தபடியே பெட்டிக்குள் நுழைந்து அறையைக் காலி செய்து, பாதியில் நின்ற மூட்டையைக் கட்டி முடித்துவிட்டது. இனிமேல் எப்போது நிறுத்தினாலும் எழும் என்றது. நான் நிறுத்துவதாக இல்லை.

மறுநாள் காலையில் தஸ்னீம் திரும்பப் போன் பண்ணியது. குரலில் ஒரு தயக்கம்.

"அம்மா, ஒரு விஷயம் கேக்கணும். உங்க வீட்டுக்காரருக்கு நேத்து கையால ஊதுனது யாருங்க?"

"ஏன்? தப்பா எதாச்சும்...?"

"குழாயைக் கழட்டினாலும் பட்டை நெஞ்சுலயேதான் இருந்திருக்கு, சின்னப் பெட்டி அந்த முக்கால் மணி நேரத்தையும் பதிஞ்சு வச்சிருந்திருக்கு. சர்வர் எழுந்ததும் அதை மேல அனுப்பிடுச்சு. யாரோ கையால அமுக்கறாங்கன்னு அதுக்குத் தெரியாது. இது நல்ல மூச்சா இருக்கே, வெளிய விட நேரம் நிறைய குடுக்குதேன்னு கத்துக்கிச்சு. ராத்திரி ஏழாம் நம்பருக்கு ஆக்சிஜன் இந்த வருஷத்துலயே இல்லாத அளவு ஏறியிருக்குங்க. மத்த நெஞ்சும் இதே தூசி நெஞ்சுதானேன்னு எல்லாக் கட்டிலுக்கும் அதையே போட ஆரம்பிச்சிடுச்சு. டாக்டர் பாத்துட்டு நல்லாத்தான் இருக்குங்கறார். ஆனா கேக்காம செஞ்சதுனால, வேணாம்னு சொல்றவங்களுக்கு பழசையே திருப்பிப் போட்டுடறேன்."

போனைப் பிடித்தபடி கூடத்தைப் பார்த்தேன். இருபத்திரண்டு நெஞ்சும் ஏறி, மெதுவாக, ரொம்ப மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தன. அந்த இறக்கம் எனக்கு அடையாளம் தெரிந்தது.

கட்டில் கட்டிலாகப் போய்ச் சொன்னோம், சிஸ்டரும் நானும். ஒருத்தர், "அந்தாளு கையா?" என்று மாஸ்க்கைப் பிடுங்கப் போனார். பிடுங்கவில்லை. நல்ல தூக்கம் தூங்கி எழுந்த முகம் அவருக்கு. இன்னொருத்தர் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு, இருக்கட்டும் என்று கை காட்டினார். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"பழசைப் போடச் சொல்லட்டுமா?" என்றேன்.

அரை மணி நேரம் கழித்துத்தான் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று.

பத்து மணிக்கு மேஸ்திரி வந்தார். வழக்கம்போல யாரையும் பார்க்காமல் வாசலோர நாற்காலியில் உட்கார்ந்தார். வலது கை தொடை மேல் கனத்துப்போய்க் கிடந்தது. சிஸ்டர் பட்டையைக் கட்டி மாஸ்க்கைப் போட்டார். பெட்டி ஊதியது, விட்டது. மேஸ்திரியின் புருவம் உயர்ந்தது. நாலைந்து மூச்சு பார்த்தார். பிறகு மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கி, யாரையும் குறிப்பாகக் கேட்காமல் கேட்டார்.

"என்னாம்மா மாத்துனீங்க? இன்னிக்கி இதமா இருக்குதே. யாரு செஞ்சது?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஏழாம் கட்டிலில் என் வீட்டுக்காரர் முழங்கையை ஊன்றி எழுந்தார். மாஸ்க்கைத் தூக்கினார்.

"உன் கையிதான்யா."

மேஸ்திரிக்குப் புரியவில்லை. என் வீட்டுக்காரர் மாஸ்க்கைப் போட்டு ரெண்டு மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தூக்கினார்.

"நேத்து நீ அமுக்குனத அந்தப் பெட்டி கத்துக்கிச்சி. இப்ப எங்க எல்லாருக்கும் அதுதான் ஓடுது. உனக்கும் அதுதான்."

இன்னும் ரெண்டு மூச்சு.

"மலையில எங்கள இப்பிடி ஓட்டியிருந்தீன்னா, நீயும் நானும் இங்க வந்திருக்க மாட்டம்."

மேஸ்திரி எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழவில்லை. மாஸ்க்கைத் தானாகவே முகத்தில் அழுத்திக்கொண்டார். பெட்டி ஊதியபோது அவர் நெஞ்சு ஏறியது. இறங்குவதற்கு அது நேரம் கொடுத்தது. கண்ணிலிருந்து தண்ணி மாஸ்க்குக்குள் இறங்கியது, துடைக்க வழியில்லை.

என் வீட்டுக்காரர் படுத்துக்கொண்டார். நான் தரையைத் துடைக்க ஆரம்பித்தேன். பாதித் தரை ஆகியிருக்கும்போது ஏழாம் கட்டிலிலிருந்து மறுபடி குரல் வந்தது. கூரையைப் பார்த்தபடிதான் கேட்டார்.

"மேஸ்திரி. கை வலி எப்பிடியிருக்குது?"

ஏகாம்பரம் மேஸ்திரி வீங்கின வலது கையை இடது கையால் தூக்கி, எல்லாரும் பார்க்கிற மாதிரி மேலே பிடித்து, ஒன்றுமில்லை என்று ஆட்டிக் காட்டினார்.